மேட்டூர் நீர்மட்டம் தெரிகிறது. ஆஸ்பத்திரிக் கிருமி நிலவரம் ஏன் தெரிவதில்லை?

டெல்டாக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் பேப்பரைப் பிரித்ததும், இப்போதெல்லாம் போனைத் திறந்ததும், கண் முதலில் தேடுவது மேட்டூர் அணை நிலவரத்தைத்தான். நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எவ்வளவு. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம் டீக்கடை பெஞ்சிலேயே கிடைக்கும் தகவல். ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்களா, மாட்டார்களா என்பதை வைத்துத்தான் குறுவை போடுவதா, பேசாமல் சம்பாவுக்குக் காத்திருப்பதா என்று முடிவெடுப்பார்கள்.

இதே மாவட்டத்தில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டால், அந்தக் கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது? நூற்றுக்கு எத்தனை? இந்த எண் எந்தப் பேப்பரிலும் வருவதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியும் வைப்பதில்லை. பல இடங்களில், மருந்துச்சீட்டு எழுதுகிற டாக்டரின் கையிலேயே அது இருப்பதில்லை.

அந்த எண்ணை மாவட்ட வாரியாக, எல்லோரும் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான். "டாக்டர்களோட டெக்னிக்கல் சமாச்சாரம், நாங்க தெரிஞ்சு என்ன பண்றது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

முதல் ஊசி எப்போதுமே யூகம்தான்

நம் தோலில், வாயில், குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அதனால் நமக்குப் பிரச்சினை இல்லை. ரத்தம் அப்படியில்லை, அங்கே பாக்டீரியா தங்கிப் பெருகக் கூடாது. நிமோனியா, யூரின் இன்ஃபெக்‌ஷன், ஆறாத சர்க்கரைப் புண் என்று எதன் வழியாகவும் கிருமி ரத்தத்துக்குள் போகலாம். ஆஸ்பத்திரிக்குள் இன்னும் சில வாசல்கள் திறக்கின்றன. கழுத்து ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன், யூரின் டியூப், டயாலிசிஸுக்குப் போடும் குழாய், வென்ட்டிலேட்டர். உயிரைக் காப்பாற்றுவதற்காகப் போட்டவைதான் இவை எல்லாம். கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது, மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது. உடம்பு இப்படி நிலைகுலைவதைத்தான் செப்சிஸ் என்கிறார்கள்.

எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும். ரத்தத்தைச் சத்துக் கரைசல் உள்ள பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர ஒன்றிரண்டு நாள். வளர்ந்ததை அடையாளம் கண்டு, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று சோதிக்க இன்னொரு நாள். ஆனால் செப்சிஸ் முற்றி ஷாக்கில் இருக்கும் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போயாக வேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். ரிசல்ட்டுக்கு மூன்று நாள், ஊசிக்கு ஒரு மணி நேரம். ஆகவே எவ்வளவு பெரிய நிபுணர் என்றாலும் முதல் ஊசியை யூகத்தில்தான் போடுகிறார்.

அந்த யூகம் எதன்மேல் நிற்கிறது? கடந்த ஓராண்டில் இதே ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் வளர்ந்த கிருமிகள் எவை, எந்த மருந்துக்கு மடிந்தன என்கிற கணக்கின்மேல். அந்தக் கணக்குத் தாளுக்கு ஆன்டிபயோகிராம் என்று பெயர். அது கையில் இல்லாத டாக்டர் இரண்டில் ஒன்றைச் செய்வார். பழகிய செஃப்ட்ரையாக்சோனையே போடுவார், அது கேட்காமல் போகலாம். இல்லையென்றால் "எதுக்கு வம்பு" என்று நேராக மெரோபெனம் போடுவார், தேவைப்படாத ஆளுக்கும் சேர்த்து. முதலாவதில் ஆபத்து இன்றைய நோயாளிக்கு. இரண்டாவதில் அடுத்த வருஷம் அதே கட்டிலில் படுக்கப் போகிறவருக்கு.

தேசிய சராசரி நமக்குப் போதுமா?

ஐசிஎம்ஆர் 2013 முதல் பெரிய மருத்துவமனைகளை இணைத்து ஒரு கண்காணிப்பு வலைப்பின்னலை நடத்துகிறது. அதன் ஆண்டறிக்கைகளில் இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். கார்பபெனம் என்பது கடைசிக் கட்ட மருந்துக் குடும்பம். மெரோபெனம், இமிபெனம் எல்லாம் அதில்தான் வருகின்றன. 2017இல் ஈ.கோலைக் கிருமிகளில் ஏறத்தாழ 81 சதவீதம் இமிபெனத்துக்குக் கட்டுப்பட்டன. 2023இல் அது ஏறத்தாழ 63 சதவீதம். ஐசியூக்களில் அதிகம் தொல்லை தரும் கிளெப்சியெல்லாவில் அதே ஆறு ஆண்டுகளில் 59லிருந்து 36 சதவீதமாகச் சரிந்திருக்கிறது. அசினெட்டோபாக்டர் என்று இன்னொன்று, வென்ட்டிலேட்டரைச் சுற்றியே வாழ்கிற கிருமி. அதில் பத்தில் ஒன்பது மெரோபெனத்துக்கு அசைவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையும் ஒத்துப்போகிறது. ஆய்வகத்தில் உறுதியான பாக்டீரியா தொற்றுகளில் உலக அளவில் ஆறில் ஒன்று மருந்துக்கு அடங்காதது. நாம் இருக்கும் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் மூன்றில் ஒன்று. 2019இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 3 லட்சம் மரணங்களுக்கு இந்த எதிர்ப்புத்திறன் நேரடிக் காரணம் என்பது சர்வதேச ஆய்வாளர்களின் மதிப்பீடு.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தஞ்சாவூரில் ஐசியூ கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் டாக்டருக்கு இந்த எண்கள் எவ்வளவு உதவும்? கொஞ்சம்தான். ஐசிஎம்ஆர் வலைப்பின்னலில் இருப்பவை பெரும்பாலும் நாலு இடம் பார்த்துவிட்டுக் கடைசியாக நோயாளிகள் வந்து சேரும் உயர்சிகிச்சை மருத்துவமனைகள். அங்கே எதிர்ப்புத்திறன் கூடுதலாகத் தெரிவது இயல்பு. கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ நிலைமை இதைவிட நன்றாக இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். இந்தியாவின் சராசரி மழையளவைச் சொன்னால் கடைமடை விவசாயி நாற்று விட முடியுமா?

நம்ம ஊரில்தான் இந்தக் கதையே தொடங்கியது

இதில் தமிழ்நாட்டுக்குப் பழைய சம்பந்தம் உண்டு. 2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனம் மருந்துகளை வெட்டிப் போடும் என்டிஎம்-1 என்ற நொதியைச் சுமக்கும் கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று கணக்குச் சொன்னது அந்த ஆய்வு. நாடே கொந்தளித்தது. எதற்கு? கிருமிக்காக இல்லை, பெயருக்காக. டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் முதலில் கண்டறியப்பட்டதால் அந்த நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' ஒட்டிக்கொண்டிருந்தது. மெடிக்கல் டூரிசத்தைக் கெடுக்கும் சதி என்றார்கள். பெயர்ச் சண்டையில் பல மாதம் போனது. கிருமி அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு 2012இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடின. டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று நடத்திய அந்தக் கூட்டத்தின் முடிவுகள்தான் 'சென்னை பிரகடனம்'. ஆன்டிபயாடிக் கொள்கை பற்றி இந்திய டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து, நடைமுறைக்கு ஒத்துவரும் திட்டம் ஒன்றை எழுதியது அப்போதுதான். அடுத்த ஆண்டே மத்திய அரசு எச்1 அட்டவணையை அறிவித்தது. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

கார்பபெனமும் கைவிட்டபோது டாக்டர்கள் தூசி தட்டி எடுத்தது கொலிஸ்டின். 1950களின் கடைசியில் வந்த மருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஓரம் கட்டி வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் திரும்ப வந்தது. அதற்கும் கிளெப்சியெல்லா வழி கண்டுபிடித்துவிட்டது. ரத்தத் தொற்று நோயாளிகளிடம் எடுத்த கொலிஸ்டின்-எதிர்ப்புக் கிளெப்சியெல்லாவின் மரபணுவைப் பிரித்துப் பார்த்து, இந்தியாவில் முதன்முறையாக 2017இல் அறிக்கை தந்தது வேலூர் சிஎம்சி. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இப்படிப்பட்ட கிருமிகளிடம் கொலிஸ்டினை மறுபடி வேலை செய்ய வைக்க முடியுமா என்று 2019இல் ஆய்வுகள் வெளியிட்டார்கள். அதில் ஒன்று அர்சாலிக் அமிலம் பற்றியது. துளசியிலும் ஆப்பிள் தோலிலும் இருக்கும் பொருள். (உடனே துளசிக் கஷாயத்துக்குப் போக வேண்டாம். இது ஆய்வகக் கட்டத்தில் இருக்கிற சமாச்சாரம்.)

உலகத்தரத்தில் கிருமியைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவும். கண்டுபிடிப்பது ஆய்விதழுக்குப் போகிறது. பக்கத்து வார்டுக்கு வருவதில்லை.

மருந்துக்கடைக்காரர் மட்டுமா குற்றவாளி?

ஆன்டிபயாடிக் பேச்சு வந்தாலே விரல் நீளுவது ஒரே பக்கம்தான். "ஜனங்க மெடிக்கல்ல வாங்கி அவங்களே போட்டுக்கிறாங்க." தப்புதான். அசித்ரோமைசினை மிட்டாய் மாதிரி வாங்கிப் போடுவது நிற்கத்தான் வேண்டும். கேரளம் 2024இல் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை போட்டது போல இங்கேயும் செய்யலாம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மெரோபெனத்தை எந்தக் கிராமத்துப் பாட்டி மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்டார்? அது ஊசி மருந்து. ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதி, நர்ஸ் ஏற்றுவது. கார்பபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா வளர்வதும் ஒரு கட்டிலில் இருந்து அடுத்த கட்டிலுக்குப் போவதும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கூரைக்குக் கீழேதான். நோயாளியை மட்டும் திட்டினால் அந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது. அந்த மறைப்பு பல பேருக்கு வசதியாகவும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சென்ட்ரல் லைன் வழியாக வரும் ரத்தத் தொற்றை 'லைன்-நாள்' கணக்கில் அளக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு லைன்-நாள். டெல்லி எய்ம்ஸ் ஒருங்கிணைக்கும் இந்திய மருத்துவமனை வலைப்பின்னலின் கணக்குப்படி ஆயிரம் லைன்-நாளுக்கு ஏறத்தாழ 9 தொற்று. இது விதி என்று விட்டுவிடுகிற எண் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் பீட்டர் பிரோனோவோஸ்ட் என்ற டாக்டர் ஐந்தே வேலைகளைக் கட்டாயமாக்கினார். கை கழுவு, முழு அங்கி போடு, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடை, முடிந்தவரை தொடையில் லைன் போடாதே, தேவையில்லாத லைனை எடுத்துவிடு. ஒன்றரை ஆண்டில் லைன் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வில் புது மருந்து ஒன்றுகூட இல்லை.

"அமெரிக்கால ஒரு நர்ஸுக்கு ரெண்டு பேஷன்ட், இங்க எத்தனைனு பாத்தீங்களா?" என்று நர்ஸ்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். ஒரு நர்ஸ் பத்துக் கட்டிலுக்கு ஓடும்போது ஒவ்வொரு முறையும் கை சுத்தம் செய்வது நேரப் பிரச்சினை, ஒழுக்கப் பிரச்சினையாக அதைப் பேசுவது அநியாயம். ஆனால் ஆள் கூட்டித் தரச் சொல்லி அரசிடம் வாதாடவும் கையில் ஓர் எண் வேண்டுமே!

பச்சைக் குழந்தைகள் விஷயம் இன்னும் கனமானது. டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், சிறப்புப் பிரிவில் சேர்ந்து இறந்த குழந்தைகளில் ஏறக்குறைய கால்வாசி மரணத்துக்குக் காரணம் செப்சிஸ். அங்கே முதலிடம் அசினெட்டோபாக்டருக்கு, அதில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதவை. பிறந்து 72 மணி நேரத்துக்குள் தாக்கிய கிருமிகளும் பிறகு தாக்கியவையும் ஒரே ரகமாக இருந்தன. அப்படியென்றால் ஆஸ்பத்திரிக் கிருமி பிரசவ அறையிலேயே காத்திருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. டெல்டாவின் சிக்கலான பிரசவங்கள் பல வந்து சேர்வது தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு. அங்கே இந்த எண்கள் என்ன? டெல்லியைவிட நன்றாகவே இருக்கக்கூடும். அப்படியானால் அதைச் சொல்லிப் பெருமைப்படவாவது வெளியிடலாமே.

நடவு வயலில் இருந்து ஐசியூ வரை

ஒரு பாதையைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரத்தநாடு பக்கம் ஐம்பது வயது விவசாயத் தொழிலாளி ஒருவருக்குச் சம்பா அறுப்பு முடிந்த கையோடு காய்ச்சல். முதல் நாள் ஊரிலேயே ஊசியும் மாத்திரையும். மூன்றாம் நாள் பக்கத்து டவுனில் டிரிப்ஸ், அதில் செஃப்ட்ரையாக்சோன். ஐந்தாம் நாள் வேறு நர்சிங் ஹோம், வேறு ஆன்டிபயாடிக். ஏழாம் நாள் மூச்சு வாங்கி, 108இல் தஞ்சாவூர் 'மெடிக்கல்'. அங்கே கல்ச்சர் எடுக்கிறார்கள். ஒன்றும் வளரவில்லை. வளராது, ஏற்கெனவே போட்ட மூன்று ஆன்டிபயாடிக்குகள் கிருமியைக் கொல்லாவிட்டாலும் பாட்டிலில் வளர விடாமல் செய்யப் போதும். இனி எல்லாம் இருட்டில் கல்லெறிதல்தான்.

இதில் இன்னொரு கொடுமை. வயல்காட்டுக் காய்ச்சல்களில் உண்ணிக் காய்ச்சல் முக்கியமானது. அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது மாதிரி கருப்புப் புண் இருந்தால் பாதி நோயறிதல் முடிந்தது. அதற்கு மருந்து டாக்சிசைக்ளின், மிக மலிவான மாத்திரை. நோய் முற்றினால் அதோடு அசித்ரோமைசினைச் சேர்த்து ஊசியாகத் தருவது நல்லது என்று வேலூர் சிஎம்சி தலைமையிலான ஆய்வு 2023இல் காட்டியது. செஃப்ட்ரையாக்சோன் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஆக அவருக்கு நாலு நாள் வீண். அந்த நாலு நாளும் அவர் குடலில் இருந்த சாதுவான பாக்டீரியாக்கள் மடிந்து, மருந்துக்கு அடங்காதவை இடம் பிடித்திருக்கும். பிறகு ஐசியூவில் லைன் போடும்போது, ரத்தத்தில் ஏறக் காத்திருக்கும் கிருமியை அவரே உடம்போடு கொண்டு வருகிறார்.

இந்தத் தர்க்கத்தை டெல்டா விவசாயிக்கு விளக்கவே வேண்டாம். புகையானுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இமிடாகுளோபிரிட் அடிக்க அடிக்கக் கேட்காமல் போனதை வயலிலேயே பார்த்தவர்கள் உண்டு. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையைத் தெளிக்கும் பழக்கமும் நம் வயல்களில் இருந்ததுதான். மனிதனுக்கான மருந்தைப் பயிருக்கு அடிப்பதை நிறுத்த 2021 டிசம்பரில் மத்திய அரசு வரைவாணை வெளியிட்டது. இதற்கு மாற்றாகப் புதுச் சாணக் கரைசலைத் தெளிக்கச் சொல்லும் பரிந்துரை வேளாண் பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது. காவிரித் தண்ணீரிலேயே சிப்ரோஃபிளாக்சசின் உள்ளிட்ட மருந்து எச்சங்கள் இருப்பதாகச் சென்னை ஐஐடி ஆய்வு 2021இல் சொன்னது. இதெல்லாம் தனித்தனிக் கட்டுரை. ஐசியூவில் இன்றிரவு யார் பிழைப்பார் என்பதை ஆற்றைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை அந்த முதல் ஊசியும் அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய இரண்டு பாட்டில் ரத்தமும்தான்.

வெளியிட்டால் என்ன ஆகிவிடும்?

பதற்றம் வரும், ஆஸ்பத்திரி பெயர் கெடும், ஜனங்கள் வரப் பயப்படுவார்கள். இதுதான் வழக்கமான மறுப்பு. இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். அங்கே எம்ஆர்எஸ்ஏ என்ற மருந்துக்கு அடங்காத கிருமி ரத்தத்தில் ஏறினால் அதை அரசுக்குத் தெரிவிப்பது 2001 முதல் கட்டாயம். மருத்துவமனை நிர்வாகங்களின் பெயரோடு எண்கள் வெளியாகின. பத்திரிகைகள் கிழித்தன. அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2004இல், நாலு வருஷத்தில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள், குறைத்தும் காட்டினார்கள். 2003-04இல் 7,700 அளவில் இருந்த தொற்று 2013-14இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. கை சுத்தமும் லைன் பராமரிப்பும் அங்கே மந்திரத்தால் மேம்படவில்லை. தலைமை நிர்வாகி மாதா மாதம் எண்ணைப் பார்த்தார், அதனால் மேம்பட்டன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நிறைய கல்ச்சர் எடுக்கிற நேர்மையான ஆஸ்பத்திரிக்கு நிறைய தொற்று தெரியும். கல்ச்சரே எடுக்காத ஆஸ்பத்திரி சுத்தமாகத் தெரியும். உண்மை. அதனால்தான் எத்தனை கல்ச்சர் எடுக்கப்பட்டது என்ற எண்ணையும் பக்கத்திலேயே போட வேண்டும். கல்ச்சர் எண்ணிக்கை பூஜ்ஜியம் என்றால் தொற்றும் பூஜ்ஜியம் என்று யாரும் கைதட்ட மாட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று கேட்டால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இருக்க இந்தக் கணக்கைத் தருவது நிபந்தனை என்று சொல்லிவிடலாம். சண்டை வரும். வரட்டும்.

கேரளம் மாநில அளவிலான ஆன்டிபயோகிராமை ஏற்கெனவே வெளியிடுகிறது. நமக்கு அடுத்த படி மாவட்டம். இதில் ஒரு சின்ன புள்ளியியல் சிக்கல் இருக்கிறது. ஒரு வகைக் கிருமியில் குறைந்தது 30 மாதிரி இருந்தால்தான் சதவீதம் சொல்வதில் அர்த்தம் உண்டு என்பது ஆய்வகங்களின் விதி. சிறிய ஆஸ்பத்திரியால் அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. ஆனால் டெல்டாவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மூன்றிலும் மைக்ரோபயாலஜி துறை இருக்கிறது. மயிலாடுதுறை உட்பட நாலு மாவட்டத்தையும் சேர்த்து ஒரே தாளாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடலாம். கணக்குப் போடும் வோநெட் மென்பொருளை உலக சுகாதார நிறுவனம் இலவசமாகத் தருகிறது.

இதைப் படிக்கிற பலர் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பீர்கள். அப்பா அம்மா ஊரில் இருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். "அப்பாவ அட்மிட் பண்ணியிருக்கு." அப்போது டாக்டரிடம் மரியாதையாகக் கேட்க இரண்டு கேள்விகள் கைவசம் இருக்கட்டும். "ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் எடுத்தாச்சுங்களா சார்?" ஐசியூவில் நாலு நாள் ஆனால், "அந்த லைனும் யூரின் டியூபும் இன்னும் தேவைப்படுதுங்களா?" நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். முந்தைய இடத்தில் போட்ட ஊசிகளின் பெயர் எழுதிய சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "ஏதோ பவர் ஊசி போட்டாங்க" என்ற தகவலை வைத்துக்கொண்டு அடுத்த டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. கட்டிலைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கையில் சானிட்டைசர் தேய்ப்பது உறவினர்களுக்கும் பொருந்தும்.

உடம்பு நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்ய இன்னொரு வேலையும் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட பத்து ரூபாய்தான், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நோயாளி பெயர் எதுவும் கேட்கப் போவதில்லை என்பதால் அந்தரங்கம் என்று மறுக்கவும் முடியாது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்: கடந்த ஓராண்டில் தங்கள் மருத்துவமனையில் எடுக்கப்பட்ட பிளட் கல்ச்சர்கள் எத்தனை, அவற்றில் கிருமி வளர்ந்தவை எத்தனை, கிளெப்சியெல்லாவிலும் ஈ.கோலையிலும் மெரோபெனத்துக்குக் கட்டுப்பட்டவை எத்தனை சதவீதம், இந்தக் கணக்கு வார்டு மருத்துவர்களுக்குக் கடைசியாக எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது?